திரையில் விரியும் நாளிதழ்

சென்னையில் 1882ஆம் ஆண்டு ஜி. சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திரன்’ என்னும் இதழைத் தொடங்கினார். கிழமைதோறும் வெளிவந்த அவ்விதழ் பின்னர் நாளிதழாயிற்று. அதன்பின் 1934இல் ‘தினமணி’யும், 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனாரின் ‘தினத்தந்தி’யும், 1951இல் திருவனந்தபுரத்தில் ‘தினமல’ரும் பிறந்தன. ‘தி இந்து’ குழுமத்தின் தமிழ் நாளிதழ் 2013இல் வந்தது.

தமிழ்நாட்டில் வாழ்வோருக்கு இவை விடியற்காலையில் வாசலுக்கே வந்துவிடும். மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களிலும் தமிழ் நாளிதழ் அச்சாகிறது. பிற ஊர்களில் வாழும் தமிழர்க்கோ அது தொடர்வண்டியில் ஏறி மறுநாள் வந்து சேரும். பல ஊர்களுக்கு வருவதே இல்லை. இக்குறையைக் கைபேசி ஓரளவு தீர்த்தது. ஆனால் ஒளிரும் சிறுதிரையில் நெடுநேரம் படிப்பது முதியோர் கண்களுக்கு எளிதன்று. அத்தகையோர்க்கு உதவுவது மின்னூல் படிப்பான்.

மின்னூல் படிப்பானின் திரை கைபேசித் திரையைப் போன்றதன்று. அதனுள் மயிரிழையின் தடிமனை ஒத்த நுண்ணிய குமிழ்கள் நிறைந்துள்ளன. ஒவ்வொரு குமிழிலும் தெளிந்த நீர்மத்தில் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. இரண்டும் எதிரெதிர் மின்னூட்டம் உடையவை. மின்புலம் மாறும்போது ஒருவகைத் துகள் மேலெழும், மற்றது கீழிறங்கும். கருந்துகள் மேலெழுந்த இடம் எழுத்தாகத் தெரிகிறது. ஒருமுறை அமைந்த எழுத்து மின்சாரமின்றியே நிலைத்து நிற்கும்; பக்கத்தைப் புரட்டும்போதுதான் மின்சாரம் செலவாகும். அச்சுத் தாளைப் போலவே இத்திரையும் தன்மீது விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வெயிலிலும் தெளிவாகத் தெரியும்.

இத்தகைய கருவியில் படிக்க நாளிதழைத் தேர்ந்தெடுப்பது கடையில் ஒன்றைக் கேட்டு வாங்குவதைப் போல் எளிதன்று. அமேசான் நிறுவனம் முன்னர்க் கிண்டில் கருவிக்கு நாளிதழ்ச் சந்தாக்களை விற்றுவந்தது. 2023இல் அதனை நிறுத்திக்கொண்டது. இப்போது இரு வழிகள் உள்ளன. ஒன்று, நாளிதழின் இணையதளச் செய்திகளைத் திரட்டி மின்னூலாக்கிப் படிப்பது. கோவித் கோயல் 2006இல் எழுதத் தொடங்கிய ‘கலிபர்’ என்னும் கட்டற்ற மென்பொருள் இப்பணியைச் செய்யவல்லது. மற்றொன்று, அச்சுப் பக்கத்தின் படத்தை அப்படியே காட்டும் மின்னிதழைப் பார்ப்பது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு கணக்கு விளக்கும். அச்சு நாளிதழின் ஒரு பக்கம் ஏறத்தாழ 35 செ.மீ. அகலமும் 50 செ.மீ. உயரமும் கொண்டது. ஆறு அங்குலப் படிப்பானின் திரை ஏறத்தாழ 9 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமுமே உடையது. எனவே ஒரு பக்கம் பதினாறு திரைகளுக்குச் சமம். பக்கப் படத்தை அத்திரையில் திறந்தால் தலைப்பு மட்டுமே தெரியும். செய்தி எறும்பு வரிசையாகத் தோன்றும். திரட்டிய செய்தியிலோ எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். வரிகள் தாமே மடங்கி அமையும்.

ஆயின் தமிழ் எழுத்து எல்லாக் கருவிகளிலும் சரியாகத் தோன்றுவதில்லை. ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்கு முன்னே நிற்கிறது. கணினியோ ககரத்தை முதலிலும் கொம்பினைப் பின்னும் சேமிக்கிறது. இது பிழையன்று. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் வரும் என்பது தொல்காப்பியர் கூறிய முறையே. கொம்பினை முன்னே கொண்டுவந்து காட்டுவது கருவியின் கடமை. அதனை அறியாத கருவியில் ‘கொடி’ என்னும் சொல் சிதைந்து, கொம்பும் காலும் புள்ளி வட்டங்களோடு தனித்தனியே நிற்கும். ஆதலால் கருவியை வாங்குமுன் அதில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தல் நன்று.

கருவி சரியாக அமைந்தபின் எந்த நாளிதழ் என்னும் வினா எழுகிறது. போபாலில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து தாத்தா அங்கு வந்து ஓராண்டு ஆகிறது. ஏழாம் வகுப்பில் பயிலும் பேத்தி எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பவள். தலையங்கமும் கட்டுரையும் செறிந்த ‘தினமணி’ வேண்டும் என்றார் தந்தை. சிறு சொற்றொடர்களில் எளிய நடையில் எழுதும் ‘தினத்தந்தி’யே பேத்திக்குப் படிக்க வரும் என்றார் தாய். பேத்தியோ சிறுவர் பகுதி உள்ள இதழ் எதுவாயினும் சரி என்றாள். இறுதியில் தாயின் விருப்பப்படி, செய்திகளைத் திரட்டிப் பெரிய எழுத்தில் தாத்தாவிடம் தந்தனர். அவர் மூன்று நாள் படித்தார். நான்காம் நாள் கருவியை மேசைமேல் வைத்துவிட்டார்.

“எழுத்து தெரியவில்லையா, தாத்தா?”

“எழுத்து நன்றாகத் தெரிகிறதம்மா. ஊர்தான் தெரியவில்லை.”

அவர் தேடியது திருநெல்வேலிப் பதிப்பின் உள்ளூர்ப் பக்கம். அதிலும் கோயில் கொடை அறிவிப்பு, அணையின் நீர்மட்டம், கண்ணீர் அஞ்சலி விளம்பரம் ஆகியவை. திரட்டிய செய்தியில் விளம்பரங்கள் வருவதில்லை. உடன் பயின்ற நண்பர் மறைந்தால் அதனைத் தாத்தாவுக்குச் சொல்லக்கூடியது அந்தச் சிறு கட்டம் ஒன்றே. மாநிலச் செய்தி எங்கும் கிடைக்கும்; இக்கட்டம் வேறெங்கும் கிடைக்காது.

ஆகவே அக்குடும்பத்தார் முடிவை மாற்றினர். நாளிதழ் அதுவே, பதிப்பு மட்டும் வேறு. பொதுச் செய்திகளைத் தாத்தா படிப்பானில் தாமே படிக்கிறார். திருநெல்வேலிப் பதிப்பின் உள்ளூர்ப் பக்கத்தைத் தந்தையின் மடிக்கணினியில் திறந்து, நாள்தோறும் மாலையில் பேத்தி உரக்கப் படிக்கிறாள். முதல் வாரத்தில் ஒரு பக்கத்திற்கு அரைமணி நேரம் ஆயிற்று. ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பதைக் கோயிலுக்குச் சென்றார் என்று அவள் பொருள் கொண்டாள். தாத்தா சிரிக்கவில்லை. இறந்தார் என்று வெளிப்படையாகக் கூறாமல் மங்கலமாகக் கூறும் வழக்கு அது என்று விளக்கினார். பின்னர் அப்பெயரை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார்.

அருஞ்சொற்பொருள்

நீர்மம் – நீர்போல் ஓடும் பொருள்
கட்டற்ற மென்பொருள் – எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை உள்ள மென்பொருள்
பதிப்பு – ஒரு பகுதி மக்களுக்கென அச்சிடப்படும் நாளிதழ் வடிவம்
கொடை – தென்மாவட்டச் சிற்றூர்க் கோயில்களில் நடைபெறும் விழா

பயிற்சி

1. மின்னூல் படிப்பானின் திரையில் எழுத்து எவ்வாறு தோன்றுகிறது?
2. ‘கெ’ என்னும் எழுத்தைக் கணினி சேமிக்கும் முறைக்கும் கண் காணும் முறைக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. “ஊர்தான் தெரியவில்லை” எனத் தாத்தா கூறியதன் பொருளை ஐந்து வரிகளில் எழுதுக.
4. மங்கல வழக்குச் சொற்கள் இரண்டனை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.
5. உம் பெற்றோரின் சொந்த ஊர்ச் செய்தி வெளியாகும் பதிப்பு எது? அதன் உள்ளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு செய்தியைப் படித்து, உம் சொந்த நடையில் எழுதுக.