சாப்பிட மறுத்த பாம்புக்குட்டி

பாம்பு என்றாலே கம்பைத் தேடும் ஊர் நம்முடையது. நான் ஒரு பாம்புக்குட்டி சாப்பிடவில்லையே என்று இரண்டு மாதம் கவலைப்பட்டிருக்கிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

என் பெரியப்பா குடும்பம் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் இருக்கிறது. அங்கே அண்ணன் கிங் ஸ்நேக் வளர்க்கிறார். ராஜநாகம் வேறு, இது வேறு. இதற்கு மனிதரைக் கொல்லும் விஷம் கிடையாது. மற்ற பாம்புகளையும் பிடித்துத் தின்பதால்தான் 'கிங்' பட்டம். அண்ணனிடம் இருப்பது சாம்பல் பட்டை போட்ட வகை. மேற்கு டெக்சாஸ், வடக்கு மெக்சிகோ பாறைக்காடுகள் அதன் சொந்த ஊர். அறிவியல் பெயர் லாம்ப்ரோபெல்டிஸ் ஆல்டெர்னா.

போன செப்டம்பரில் நாலு குட்டி பொரிந்தன. பாம்புக்குட்டி பொரிந்த உடனே சாப்பிடாது. முட்டையின் மஞ்சள் கரு மிச்சம் வயிற்றில் இருக்கும். முதல் சட்டையை உரித்த பிறகுதான் பசி எடுக்கும். அண்ணன், முடி முளைக்காத சுண்டெலிக் குஞ்சை (கடையில் ஐஸில் உறைய வைத்து விற்பார்களாம்) கொடுத்தார். இரண்டு குட்டி லபக்கென்று முழுங்கின. மற்ற இரண்டும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன.

ஐந்தாவது வாரம் அண்ணன் பயந்துபோய் ஒரு குட்டியின் வாயைத் திறந்து எலிக்குஞ்சைத் திணித்தார். கக்கிவிட்டது. நாலாம் நாள் செத்துப் போச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் சரியாகவே பேசவில்லை. "பிடிவாதம்னு நெனச்சேன்டா தம்பி, தப்பு என்மேலதான்" என்றார்.

உண்மையில் அது பிடிவாதம் இல்லை. காட்டில் இந்தக் குட்டிகள் ராத்திரியில் பாறை இடுக்கில் தூங்கும் பல்லி, ஓணான்களைத்தான் தேடித் தின்னும். அப்பா அம்மா இரண்டும் டப்பாவிலேயே பிறந்து எலி தின்று வளர்ந்தவைதான். ஆனாலும் குட்டிக்கு அந்தப் பழக்கம் போகவில்லை! பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது வாசனையை எடுத்து, மேல்வாயில் உள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொடுக்கத்தான். எலி வாசனையை அது 'சாப்பாடு' என்று படிக்கவே இல்லை. நமக்கு முன்னால் யாராவது ரப்பரை இலையில் வைத்தால் சாப்பிடுவோமா?

பிறகு அண்ணன் செய்தது இதுதான். டப்பாவின் ஒரு ஓரம் மட்டும் 30 டிகிரி சூடு, மறு ஓரம் 24 டிகிரி. சூடு இல்லாவிட்டால் தின்றதும் செரிக்காது. ஒளிந்துகொள்ள இடுக்கான இடம். கையில் எடுப்பதை அடியோடு நிறுத்தினார். (இதுதான் ரொம்பக் கஷ்டமாம். தினமும் மூடியைத் திறந்து பார்த்ததே குட்டியை மிரள வைத்திருக்கிறது.) அங்கேயும் வீட்டுச் சுவரில் பல்லி உண்டு, நம்ம வீட்டுப் பல்லிக்குச் சொந்தம்தான். அது அறுத்துப் போட்ட வாலை ஒட்டுண்ணி சாகட்டும் என்று ஃப்ரீசரில் வைத்திருந்தார். எலிக்குஞ்சை சோப்புப் போடாமல் வெந்நீரில் கழுவி, எலி வாடையைக் குறைத்து, துடைத்து, தலைப்பக்கமாகப் பல்லி வாலைத் தேய்த்தார். தயிர் டப்பா அளவு பாத்திரத்தில் காற்றுக்கு ஓட்டை போட்டு, குட்டியையும் எலிக்குஞ்சையும் உள்ளே வைத்து, துணியால் மூடிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

முதல் தடவை தொடவில்லை. ஐந்து நாள் விட்டு மறுபடியும். அப்போதும் இல்லை. எட்டு கிராம் இருந்த குட்டி ஆறரை கிராம் ஆகிவிட்டது. மூன்றாவது தடவை, காலையில் பார்த்தால் பாத்திரத்தில் குட்டி மட்டும், வயிற்றில் ஒரு வீக்கத்தோடு. அண்ணன் அனுப்பிய போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். "சீ, எடுத்துட்டுப் போ" என்றார்கள்.

அதன்பின் ஒவ்வொரு தடவையும் பல்லி வாசனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஜனவரியில் வெறும் எலிக்குஞ்சையே தின்றது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் சாரைக்குட்டியைப் பிடித்து டப்பாவில் போட்டுவிடாதீர்கள். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது குற்றம்.

இப்போது குட்டி நன்றாகத் தின்று தேறிவிட்டது. ஃப்ரீசரில் பல்லி வால் இன்னும் இருக்கிறதாம். ஐஸ்கிரீம் எடுக்கும்போதெல்லாம் பெரியம்மா திட்டுகிறார்கள்.

– 11ஆம் வகுப்பு, உயிரியல் பிரிவு