'தாமல்' எங்கே தொலைந்தது?

மாணவர்களே! காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் ஏரியின் நீர்மட்டத்தை நாள்தோறும் காட்டும் வலைப்பக்கம் ஒன்றை நீங்கள் அமைப்பதாகக் கொள்வோம். தரவுத்தளத்திலுள்ள ஊர்ப்பெயரையும் அளவையும் நிரல் அவ்வப்போது எடுத்துப் பக்கத்தை ஆக்கித் தருகிறது. இதுவே இயங்குநிலைப் பக்கம். ஆனால் 'தாமல்' இருக்க வேண்டிய இடத்தில் '?????' என்று வருகிறது! ஏன்?

கணிப்பொறி அறிந்தது எண்களை மட்டுமே. ஒருங்குறி முறையில் 'தாமல்' ஐந்து குறிகளாகும்: த, துணைக்கால், ம, ல, புள்ளி. யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள், மொத்தம் 15. இனி, நோயை அதன் அறிகுறியால் அறிவோம்.

1. புரியாத அயல் எழுத்துகள் தோன்றினால், பெரும்பாலும் சேமித்த எண்கள் சரியே. படிக்கும் முறைதான் தவறு. பக்கத்தின் தொடக்கத்தில் யூ.டி.எஃப்.-8 என அறிவித்தால் சரியாகும்.

2. கேள்விக்குறிகள் தோன்றினால், தமிழ் இடம்பெறாத முறைக்கு மாற்றியிருக்கிறோம். குறிகள் ஐந்து, கேள்விக்குறிகளும் ஐந்து! சேமிக்கும்போதே இது நேர்ந்திருந்தால் பெயரை மீட்க வழியில்லை. மீண்டும் உள்ளிடத்தான் வேண்டும்.

3. சொல்லின் கடைசி சிதைந்தால், இடம் போதவில்லை. 10 பைட்டுகளே ஒதுக்கினால் 'தாம' 9 பைட்டுகளை நிரப்பும். 'ல'வில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே நுழையும்.

ஆகவே தரவுத்தளம், அதனுடனான இணைப்பு, பக்கம் ஆகிய மூன்றிலும் ஒரே முறையை அமையுங்கள். ஆயிரம் பெயர்களை ஏற்றுமுன் ஒரு தமிழ்ச் சொல்லைச் சேமித்து, திரும்ப எடுத்துப் பாருங்கள்.

செய்து பாருங்கள்: 'காஞ்சிபுரம்' எத்தனை பைட்டுகள்? (விடை: 11 குறிகள், 33 பைட்டுகள்.)