முன் அச்சில் சத்தம்: பழைய ஜீப்பைச் சோதித்துத் திருத்துவது எப்படி?

ஊருக்குத் திரும்பும் பல குடும்பங்களுக்கு முதலில் கைகொடுப்பது ஒரு பழைய ஜீப்தான். தண்ணீர்த் தாங்கி, கூரைத்தகரம், விதைநெல், மீன்பெட்டி எல்லாம் அதிலேயே வருகின்றன. இரவில் ஒருவருக்கு வருத்தம் என்றால் மூதூர் வைத்தியசாலைக்குப் போவதும் அதிலேயே.

2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் பல, 2015 இற்குப் பின்னரே சொந்தக் காணிக்குத் திரும்பின. அத்தனை காலம் மரத்தடியில் நின்ற வாகனத்தின் சில்லுப் பெயாரிங்கில் கிறீஸ் காய்ந்து துருப்பிடித்திருக்கும். கடற்கரையில் தோணி இழுத்த ஜீப் என்றால் உப்புநீரும் உள்ளே போயிருக்கும். மணல் பாதையில் மெதுவாக ஓடும்போது இது தெரியாது. கிண்ணியாப் பாலம் வழியாகத் திருகோணமலை நகருக்கு வேகமாகப் போகும்போதுதான் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்தால் பெயாரிங் உடைந்து, ஓடும்போதே சில்லு கழன்றுபோகலாம்.

இப்பாடம் லாண்ட் ரோவர், லாண்ட் குறூசர், மிற்சுபிசி போன்ற, முன்புறம் முழு அச்சுள்ள பழைய ஜீப்புகளுக்கானது. புதிய டபிள் கப் வாகனங்கள் பலவற்றில் பெயாரிங்கை அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். அவற்றைக் கராஜுக்கே கொண்டுசெல்லுங்கள்.

தொடங்குமுன்

• சத்தம் கேட்டதும் பற்றைக்குள் ஒதுக்க வேண்டாம். எல்லோரும் பாவிக்கும் வீதியிலேயே, பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்படி நிறுத்துங்கள்.
• சில்லுக்கு அடைகொடுக்கக் கல் தேடி, பாவிக்காத காணிக்குள் இறங்க வேண்டாம். கண்ணிவெடி அபாயம் இருக்கலாம். இரண்டு மரக்கட்டைகளும் ஒரு பலகையும் எப்போதும் வாகனத்தில் இருக்கட்டும்.
• ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போக வேண்டாம். அச்சின் கீழ் தடித்த மரக்குற்றி வையுங்கள். சீமெந்துக் கல் திடீரென நொறுங்கிவிடும்.

முதலில் கேளுங்கள்

1. வேகம் கூடக் கூட "ஹும்" என்று இரைச்சலும் கூடுகிறதா? வெறும் வீதியில் மெதுவாக இடப்பக்கம் வளையுங்கள். அப்போது பாரம் வலப்பக்கச் சில்லுக்குப் போகும். இரைச்சல் கூடினால் வலப்பக்கப் பெயாரிங்கில் பிழை இருக்கலாம். வலப்பக்கம் வளைக்கும்போது கூடினால் இடப்பக்கத்தில் பாருங்கள்.
2. மண் ரயரும் தார் வீதியில் இரையும். முன் ரயர்களைப் பின்னுக்கு மாற்றுங்கள். சத்தமும் பின்னுக்குப் போனால் அது ரயர்தான்.
3. முன் சில்லுகளின் ஹப்பைக் கழற்றும் நிலைக்குத் திருப்பி, அதே வேகத்தில் ஓடிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் பிழை டிபரென்சல், உள்ளச்சு, முன் புறொப்பெலர் சாப்ட் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கும். நிற்காவிட்டால் பெயாரிங், பிரேக், ரயர் ஆகியவற்றைப் பாருங்கள்.
4. போர் வீல் போட்டு முழுதாக வளைக்கும்போது "டக் டக்" என்றால் உள்ளச்சின் மூட்டு தேய்ந்திருக்கலாம்.
5. காய்ந்த தார் வீதியில் போர் வீல் போட்டு ஓடினால் நல்ல வாகனமும் இறுகிச் சத்தமிடும். அது பிழையல்ல. தார் வீதியில் அதை எடுத்துவிடுங்கள்.

பின்பு ஆட்டிப் பாருங்கள்

சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பெயாரிங் தளர்ந்துள்ளது. நிற்காவிட்டால் கிங்பின்னில் பிழை. இரு பக்கமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் ஸ்ரியரிங் கம்பியின் நுனி மூட்டுகளைப் பாருங்கள். சில்லைக் கையால் சுற்றும்போது "கரகர" என்றால் பெயாரிங்கைக் கழற்றத்தான் வேண்டும்.

டிபரென்சல் ஒயிலையும் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. உடனே மாற்றுங்கள்.

பெயாரிங்கைத் திருத்தல்

1. சில்லையும் பிரேக் பகுதியையும் கழற்றுங்கள். பிரேக் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பிரேக் குழாயில் பாரம் தொங்காதபடி கம்பியால் கட்டிவிடுங்கள்.
2. ஹப் மூடியைக் கழற்றினால் வெளி நட், பூட்டு வாசர், உள் நட் என்று வரும். கழற்றிய ஒழுங்கிலேயே சுத்தமான துணியில் அடுக்குங்கள்.
3. பெயாரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துங்கள். அருகில் நெருப்போ பிள்ளைகளோ இருக்கக்கூடாது.
4. உருளைகளில் குழி, துரு, நீலநிறம் இருந்தால் பெயாரிங்கையும் அதன் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய வளையத்தில் புதிய பெயாரிங் நிலைக்காது. பெயாரிங்கில் பொறித்த இலக்கத்தைக் கடையில் காட்டி வாங்குங்கள்.
5. உள்ளங்கையில் பெயாரிங் கிறீஸ் எடுத்து, உருளைகளுக்கிடையே மறுபக்கம் வெளிவரும்வரை அழுத்தி நிரப்புங்கள். மேலே பூசினால் மட்டும் போதாது. ஒயில் சீலைப் புதிதாகவே போடுங்கள். தண்ணீரை வெளியே நிறுத்துவது அதுதான்.
6. சில்லைச் சுற்றியபடியே உள் நட்டை இறுக்குங்கள். சுற்றுவது சற்றுக் கனத்ததும், சில்லு இலகுவாகச் சுற்றும் அளவுக்குச் சிறிது தளர்த்துங்கள். ஆட்டமும் இருக்கக்கூடாது. சரியான அளவு வாகனத்துக்கு வாகனம் மாறும். பழகிய மெக்கானிக் ஒருவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.
7. பூட்டு வாசர், வெளி நட் போட்டு, வாசரின் ஓரத்தை மடித்துவிடுங்கள். இதை மறந்தால் நட் தானாகக் கழன்றுவிடும்.

பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்த்தபின், பத்து கிலோமீற்றர் வரை ஓடி நிறுத்தி, ஹப்பில் மெதுவாகக் கைவையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கைவைக்க முடியாத சூடு என்றால் நட் இறுகிவிட்டது, அல்லது பிரேக் பிடித்தபடி நிற்கிறது. சில நாட்களின் பின் மீண்டும் ஆட்டிப் பாருங்கள்.

கராஜுக்கே போக வேண்டியவை

டிபரென்சல் பற்கள், உள்ளச்சு மூட்டு, கிங்பின் ஆகியவற்றை அனுபவமில்லாமல் பிரிக்க வேண்டாம். சில்லு ஆடினால் ஆட்களை ஏற்றிச்செல்லவும் வேண்டாம்.

நினைவில் வைக்க

கடல்நீரிலோ மாரி வெள்ளத்திலோ ஹப் மூழ்கினால் அன்றே நல்ல தண்ணீரால் வெளிப்புறத்தைக் கழுவுங்கள். அந்த வாரமே பெயாரிங்கைத் திறந்து பாருங்கள். மாரி தொடங்குமுன் ஒருமுறை கிறீஸ் மாற்றுங்கள். ஒரு டப்பா கிறீசுக்கும் ஒரு சீலுக்கும் ஆகும் செலவு, முழு அச்சை மாற்றும் செலவுக்கு முன் மிகச் சிறிது. வீட்டில் வாகனம் ஓட்டும் எல்லோருக்கும், பெண்கள் உட்பட, இந்தச் சோதனையைப் பழக்குங்கள். அவசர வேளையில் யார் ஓட்ட வேண்டிவரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.