பாட்டி புடவை, தாத்தா வேட்டி, பிள்ளைகள் கைத்தையல்

கண்ணு, பழந்துணிப் போர்வை வேலையை மே மாதமே தொடங்கிவிடு. பிள்ளைகளுக்கு லீவு, ஏற்காட்டில் நல்ல வெயிலும் கிடைக்கும். மழை பிடித்துக்கொண்டால் இங்கே துவைத்த துணி லேசில் காயாது. டிசம்பரில் காபிப் பழம் பறிக்கிற குளிருக்குள் போர்வை கைக்கு வந்துவிட வேண்டும்.

துணி பொறுக்குவதுதான் பெரிய வேலை. அம்மாவின் சேலம் குகை நூல் புடவை, தாத்தா வேட்டி, அப்பா லுங்கி, சின்னவனின் முதல் வகுப்புச் சட்டை என எல்லாம் பருத்தியாகவே இருக்கட்டும். பாலியஸ்டரைக் கலந்தால் துவைத்தபின் ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. வெட்டும்முன் துணியை இரு கையாலும் இழுத்துப் பார். பாட்டி மேலிருந்த ஆசையில் இத்துப்போன முந்தானையையே நான் நடுவில் வைத்துத் தைத்தேன். முதல் சலவையில் அது கிழிந்துபோக, உட்கார்ந்து அழுதேன். புடவையின் உள்சுற்று பெரும்பாலும் கெட்டியாக இருக்கும், அதில் எடு. சிவப்பு, பச்சைத் துணிகளை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார். சாயம் ஒட்டினால், தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசு.

7 அங்குலச் சதுரமாக ஓர் அட்டை வெட்டிக்கொள். நாலு பக்கமும் அரை அங்குலம் தையலுக்குப் போனால் 6 அங்குலம் மிஞ்சும். அகலத்தில் 8, நீளத்தில் 10 என 80 துண்டுகள். 4 அடிக்கு 5 அடி போர்வை ரெடி. நடுவில் பஞ்சு அடைக்காதே, நம் மூடுபனியில் ஈரம் கோத்து வாடை அடிக்கும். பழைய மெல்லிய கம்பளி ஒன்று போதும்.

ஐந்து வயதுக் குட்டி தரையில் துண்டுகளை அடுக்கட்டும். எந்தத் துணி எதன் பக்கத்தில் என்பது அவள் முடிவு. எட்டு வயதுக்கு மேல் ஊசியைக் கொடுக்கலாம். தடித்த ஊசி, இரட்டை நூல், சாதாரண ஓட்டுத் தையல். உட்காரும்போதும் எழும்போதும் ஊசிகளையும் ஊக்குகளையும் எண்ணிவிடு.

கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்தில் சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் பழந்துணியில் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து வைத்து அதைப் பூ என்பார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், நம் வீட்டில் மூலைகளைப் பிள்ளைகளுக்கே விட்டுவிட்டேன்.

பிள்ளைகள் தூங்கியபின் அவர்கள் தையலைப் பிரித்து நேராக்காதே. இதை மட்டும் அக்கா பேச்சைக் கேள். கோணல் தையலைத்தான் இருபது வருஷம் கழித்து அவர்கள் தேடித் தடவிப் பார்ப்பார்கள். யார் துணி, எப்போது கட்டியது என்று அம்மாவிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல். பெயரைச் சங்கிலித் தையலில் அந்தத் துண்டிலேயே போட்டால் இன்னும் நல்லது.

பீரோவில் வைக்கும்போது அந்துருண்டை வேண்டாம், பிள்ளைகள் போர்த்துகிறது. தோட்டத்து மிளகு ஒரு கைப்பிடியை மெல்லிய துணியில் முடிந்து மடிப்புக்குள் வை. மாதம் ஒருமுறை வெயில் வந்ததும் வெளியே எடுத்து உதறு.