மலைநாட்டுப் பந்தாட்டக் கழகம்

கோடைக்காலத்து மாலைப்பொழுதில் தருமபுரி மாவட்டத்தின் சிற்றூர்கள் வழியே நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். நீர் வற்றிய ஏரியின் நடுவே, வெடித்துக் கிடக்கும் வண்டல் மண்மீது, சிறுவர் கூட்டம் ஒன்று பந்தை உதைத்து விளையாடிக்கொண்டிருக்கும். நட்டுவைத்த இரண்டு கற்களே கோல் கம்பங்கள். ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கும் பெரியவரே நடுவர். அவருக்கு ஆட்டத்தின் விதிகள் தெரியா. எந்தப் பக்கத்தார் உரக்கக் கூவுகின்றனரோ அந்தப் பக்கத்துக்கே தீர்ப்பு வழங்கிவிடுவார்!

இவ்வாறு ஓடியாடுவதற்கு வேண்டிய சமநிலம் நமக்கு எளிதாகக் கிடைத்துவிடுகின்றது. ஆதலால் அதன் அருமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வத்தல்மலையிலும் சித்தேரி மலையிலும் வாழும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்: கைதவறிய பந்து சரிவில் உருண்டுவிட்டால், அதனை மீட்டு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்று. ஒரு நாடு முழுவதுமே அத்தகைய மலையாக இருந்தால் அங்கே பந்தாட்டம் எப்படி வளரும்? வளர்ந்தது, வளர்ந்து, ஓராண்டு இந்தியா முழுவதையும் வென்றது. அந்த வரலாறே இப்பாடம்.

பாரதத்தின் வடகிழக்கு மூலையில், வங்காளதேசத்துக்கும் மியன்மாவுக்கும் இடையே உள்ளது மிசோரம் மாநிலம். பரப்பில் அது நம் மாவட்டத்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்டது. ஆயினும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 11 இலட்சம் பேரே. தருமபுரி மாவட்டத்திலோ 15 இலட்சம் பேர். தலைநகராகிய ஐசால், மலை முகட்டின்மேல் அமைந்த நகரம். சரிவுகளில் கால் ஊன்றி நிற்கும் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போலத் தோன்றும். அங்கே ஒரு விளையாட்டுத் திடல் வேண்டுமென்றால், முதலில் மலையை வெட்டிச் சமன் செய்தல் வேண்டும். அப்படி அரிதிற்பெற்ற திடலை அம்மக்கள் எவ்வளவு போற்றுவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஆங்கிலப் படைவீரரோடும் கிறித்தவ சமயத் தொண்டரோடும் இவ்விளையாட்டு அம்மலைமீது ஏறியது. தொண்டருள் பலர் வேல்ஸ் நாட்டினர். அந்நாட்டினராகிய டி. இ. ஜோன்ஸ் என்பார் 1897-ஆம் ஆண்டில் ஐசாலை அடைந்து, பள்ளியும் திருச்சபையும் வளர்த்தார். வேல்ஸும் ஒரு சிறிய மலைநாடு. பாட்டிலும் பந்திலும் பெருவிருப்பம் உடையது. 1962-ஆம் ஆண்டில் அங்குள்ள பேங்கர் என்னும் சிறு நகரத்துக் கழகம், ஐரோப்பியக் கோப்பைப் போட்டி ஒன்றில், இத்தாலியின் புகழ்மிக்க நாப்போலி கழகத்தைத் தன் ஊரில் 2-0 என்று வென்றது. நாப்போலியின் ஊரில் 1-3 என்று தோற்றது. கூட்டினால் இரு பக்கத்துக்கும் மூன்று மூன்று கோல்கள். மாற்றான் திடலில் அடித்த கோலுக்கு மதிப்பு மிகுதி என்ற பிற்காலத்து விதி அன்றே இருந்திருப்பின் பேங்கரே முன்னேறியிருக்கும். விதி இல்லாமையால் இலண்டனில் மூன்றாம் ஆட்டம் நிகழ்ந்தது. அதில் பேங்கர் 1-2 என்று தோற்றது. சிறிய ஊர்க் கழகங்களின் கதை பெரும்பாலும் இவ்வாறே முடியும். ஐசாலின் கதையும் அவ்வாறே முடிந்துவிடும் போலத்தான் இருந்தது.

ஐசால் கால்பந்துக் கழகம் 1984-ஆம் ஆண்டில் தோன்றியது. நெடுங்காலம் அதனை வெளியுலகம் அறியாது. மிசோரத்து இளைஞருள் திறமை மிக்கோர் கொல்கத்தாவுக்கும் கோவாவுக்கும் சென்று பிறர் கழகங்களுக்காக ஆடி வந்தனர். சைலோ மால்சாம்துலுவாங்கா என்பவர் அவ்வாறு சென்று, ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் ஆடிப் பெயர் பெற்றார். நாவில் எளிதில் அடங்காத பெயராதலால், கொல்கத்தா மக்கள் அவரை ‘மாமா’ என்றே அழைத்தனர். நம் செவிக்கு அது எவ்வளவு இனிய உறவு!

2014-இல் மிசோரம் அணி மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையை வென்றது. மறுஆண்டு ஐசால் கழகம் இரண்டாம் நிலைப் போட்டியில் வாகை சூடி, அந்நாளில் நாட்டின் தலைமைப் போட்டியாக விளங்கிய ஐ-லீக்கில் இடம் பெற்றது. ஆனால் முதற்பருவமே கசந்தது. ஒன்பது கழகங்களுள் எட்டாம் இடமே கிடைத்தது. ஒன்பதாம் இடம் பெற்ற கழகமன்றோ கீழ்நிலைக்கு இறங்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அது புதிதாக நேரடி நுழைவு பெற்ற கழகம். அதற்கு இறக்கம் இல்லை என்று முன்னரே உறுதி தரப்பட்டிருந்தது. எனவே எட்டாவதாக வந்த ஐசால் இறக்கப்பட்டது. விதிப்படி அது சரியே. ஆயினும் ஐசால் தெருக்களில் அதனைச் சரி என்று ஒப்பியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

பின்னர் எதிர்பாராதது நிகழ்ந்தது. கோவாவின் பழம்பெரும் கழகங்கள் சில போட்டியினின்று விலகிக்கொண்டன. வெற்றிடம் ஏற்பட்டது. இறக்கப்பட்ட ஐசால் மீண்டும் அழைக்கப்பட்டது.

அப்போது கழகத்தின் பயிற்சியாளராக வந்து சேர்ந்தவர் காலித் ஜமீல். மும்பைக் கழகம் ஒன்றைப் பல ஆண்டுகள் பயிற்றுவித்து, 2016-இல் அப்பொறுப்பினின்றும் நீங்கியவர் அவர். மிகுதியாகப் பேசாதவர், தற்காப்பு ஆட்டமே ஆடுவிப்பவர் என்று பலர் குறை கூறுவர். அவருடன் அசுதோஷ் மேத்தா, ஜெயேஷ் ரானே ஆகிய ஆட்டக்காரர்களும் மும்பையிலிருந்து வந்தனர். சிரியா நாட்டிலிருந்து மஹ்மூத் அல் அம்னாவும், லைபீரியாவிலிருந்து ஆல்பிரட் ஜாரியனும் சேர்ந்தனர். மற்றையோர் பெரும்பாலும் மலைநாட்டு இளைஞர். பெரிய கழகங்கள் தம் முதன்மை ஆட்டக்காரர்க்கு வாரி வழங்கும் ஊதியத்தோடு ஒப்பிட்டால், ஐசாலின் செல்வம் மிகச் சிறிது.

மிசோ மொழியில் ‘த்லாம்ஙைனா’ என்று ஒரு சொல் உண்டு. தன்னலம் கருதாது, கேளாமலே பிறர்க்கு உதவி நிற்கும் பண்பினை அது குறிக்கும். ஊரில் ஒருவர் இறந்தால் இளைஞர் ஓடி வந்து உடன் நிற்பதும், மலைச்சரிவில் மண் சரிந்தால் அனைவரும் கூடி அகற்றுவதும் இப்பண்பினாலேயே. வள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தாரன்றோ? அதற்கு நெருங்கிய உறவுடையது இச்சொல். அவ்வணியின் ஆட்டத்திலும் அப்பண்பினைக் காணலாம். பந்தை இழந்தவர் நின்று வருந்துவதில்லை. அருகில் உள்ளவர் அவர் இடத்தை நிரப்பிவிடுவார்.

மிசோரத்தில் ஞாயிற்றுக்கிழமை புனித நாள். கடைகள் அடைபட்டிருக்கும், மக்கள் திருச்சபைகளில் கூடிப் பாடுவர். பந்தாட்டப் பித்துக்கொண்ட அந்நகரில் அன்று பந்துக்கும் ஓய்வுதான். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2017 ஏப்ரல் 22, சனிக்கிழமை. ஐசாலின் ராஜீவ் காந்தி திடலில் மோகன் பகான் கழகம் வந்து இறங்கியது. 1911-இல் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலப் படை அணியை வென்ற வரலாற்றுப் புகழ் உடைய கழகம் அது. ஓராண்டுக்கு முன்னர்ப் பெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஐசாலை 5-0 என்று தோற்கடித்ததும் அதுவே. ஆட்டம் முடியச் சிறிது நேரமே எஞ்சியிருக்கையில், தற்காப்பு வீரர் சோமிங்லியானா ரால்தே உயர எழும்பித் தலையால் பந்தை முட்டி வலைக்குள் செலுத்தினார். 1-0. திடலைச் சூழ்ந்த குன்றுகள் எல்லாம் எதிரொலித்தன.

எஞ்சியது ஓர் ஆட்டம். ஏப்ரல் 30 அன்று, ஷில்லாங் நகரில். தோற்காமல் இருந்தாலே கோப்பை ஐசாலுக்கு. அந்நாளோ ஞாயிற்றுக்கிழமை! மிசோரத்திலிருந்து பல மணி நேரம் மலைப்பாதையில் பயணம் செய்து அன்பர்கள் திரண்டு வந்திருந்தனர். ஊரில் இருந்தோர் வழிபாட்டில் மனத்தை முழுதும் நிறுத்தினரா என்று நாம் கேளாதிருப்பதே நன்று. தொடக்கத்திலேயே ஷில்லாங் லஜாங் அணியின் திபாண்டா ஒரு கோல் அடித்துவிட்டார். அதே நேரத்தில் கொல்கத்தாவில் மோகன் பகான், நம் தமிழ்நாட்டின் சென்னை சிட்டி கழகத்தோடு ஆடி வென்றுகொண்டிருந்தது. இடைவேளை கடந்தது. 67-ஆம் நிமிடத்தில் இளைஞர் வில்லியம் லால்நுன்பெலா பந்தை வலைக்குள் தள்ளினார். 1-1. எஞ்சிய நேரத்தை ஐசால் பல்லைக் கடித்துக்கொண்டு காத்தது. 18 ஆட்டங்களில் ஐசாலுக்கு 37 புள்ளிகள். மோகன் பகானுக்கு 36. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து ஐ-லீக்கை வென்ற முதற்கழகம் என்ற பெயர் அம்மலைநாட்டுக்கு உரியதாயிற்று. வீரர் ஊர் திரும்பியபோது, சாலையின் இருமருங்கிலும் முதியோரும் குழந்தைகளும் நின்று வரவேற்றனர்.

அந்த வெற்றிக்குப் பின் அணி நெடுநாள் சேர்ந்திருக்கவில்லை. அவ்வாண்டிலேயே காலித் ஜமீல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்குச் சென்றார். அல் அம்னாவும் உள்ளூர் வீரர் சிலரும் உடன் சென்றனர். அவர்களைக் குறை கூறுதல் முறையன்று. ஆட்டக்காரரின் தொழிற்காலம் குறுகியது, அவர்க்கும் குடும்பம் உண்டு. 2018 சனவரியில் ஆசிய வாகையர் போட்டிக்கான தகுதி ஆட்டத்தில், ஈரான் நாட்டின் ஜோப் ஆகன் கழகத்தோடு ஐசால் மோதி 1-3 என்று தோற்றது. மிசோரத்தின் ஒரு கழகம் அவ்வளவு தொலைவு சென்று ஆடியதே பெரிது என்று அவ்வூரார் கூறிக்கொண்டிருக்கக்கூடும். ஆனால் ஒரு கோல் அடித்தோம் என்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்வர்.

2019-இல், அன்று கொல்கத்தாவில் தோற்ற சென்னை சிட்டி கழகம், கோவையைத் தன் தாய்த் திடலாகக் கொண்டு ஆடி, அதே ஐ-லீக்கை வென்றது. அதுவும் ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில்தான். காலித் ஜமீல் 2025-இல் இந்திய நாட்டு அணியின் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டார். 2017-இல் தந்தையரின் தோள்மீது அமர்ந்து கொடி அசைத்த ஐசால் சிறுவர்கள் இப்போது பந்தாடும் பருவத்தினர்.