நிரற் பேழையும் அதன் பட்டியலும்

கணினி பயிலும் இளைய மாணவர்க்கென இச்சிறு பாடத்தை வரைகின்றோம்.

பல நிரல்களுக்கும் பொதுவான உறுப்புக்களைப் பொறிமொழிக்கு மாற்றி, ஒரே பேழையிற் கட்டிவைப்பது நிரலாளர் வழக்கம். இதற்குரிய ‘ஏஆர்’ என்னுங் கட்டளை, 1971ஆம் ஆண்டின் முதலாம் யுனிக்ஸ் பதிப்பிலேயே இடம்பெற்றது. இன்று லினக்ஸிலும் வழங்குகின்றது.

அதன் ஏவல்கள் ஒற்றை எழுத்துக்களே. ‘ஆர்’ உறுப்பினைச் சேர்க்கும். அதே பெயரில் முன்னொன்று இருப்பின் அதனை மாற்றீடு செய்யும். ‘ரி’ பட்டியலைக் காட்டும். ‘எக்ஸ்’ பிரதியெடுத்து வெளியே வைக்கும். ‘டி’ அகற்றும். ‘எஸ்’ பெயரகராதி அமைக்கும். இணைப்பி அதனைக் கொண்டே வேண்டிய உறுப்பினைத் தேடும்.

மாணவர் இடறுவது ஓரிடத்தில். வழுவுடையதென ஓர் உறுப்பின் மூலத்தை நாம் அழித்துவிடுகின்றோம். ஏனையவற்றை ‘ஆர்’ கொண்டு புதுப்பிக்கின்றோம். ஆயினும் பழைய உறுப்பு பேழையில் அப்படியே கிடக்கும். எந்நிரலேனும் அதனை அழைப்பின், இணைப்பி மறுப்பின்றி எடுத்துக் கொடுக்கும். ஆதலின் ‘ரி’ கொண்டு பட்டியலை ஒப்புநோக்குதல் வேண்டும். ஐயமெழின் பேழையை அழித்து முற்றாக மீளக் கட்டுதல் நன்று.

பேழை திருந்தியதும் பணி முடிந்ததன்று. முன்னர் இணைத்த நிரல்களிற் பழைய பிரதியே உறைகின்றது. அவற்றையும் மீள இணைத்தல் நம் கடனாகும்.