நெசவாளரின் இரவு இருமலும் உடலின் காவலும்

காஞ்சிபுரத்தை அடுத்த அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற நெசவூர்களில் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்யும் தொழிலாளி ஒருவரை எண்ணிக் கொள்வோம். பகலில் அவர் ஓரளவு நலமாகவே இருக்கிறார். நள்ளிரவு கடந்ததும் வறட்டிருமல் தொடங்குகிறது. மார்பில் விசில் ஊதுவது போன்ற ஓசையுடன் இளைப்பு வருகிறது. விடியும் வரை பாயில் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கிறார். மாதங்கள் செல்லச் செல்ல உடலும் மெலிகிறது. வீட்டார் இதனைப் பட்டு நூலின் தூசி என்பர். அண்டை வீட்டார் ஆஸ்துமா என்பர். வேறு சிலர் தாழ்ந்த குரலில் காசநோய் என்பர். இவற்றுள் எதுவும் இல்லாமல், கொசுக்கடியினால் உடலிற் புகுந்த ஒரு புழுவே இத்தனைக்கும் காரணமாக இருத்தல் கூடும். மூன்று வாரம் மாத்திரை உட்கொண்டால் தணியக்கூடிய ஒரு நோய்க்காக ஒருவர் ஆண்டுக்கணக்கில் தறியை விட்டு நிற்க நேரிடலாம். ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்களும் குடியானவர்களும் இதன் விவரத்தை அறிந்திருப்பது அவசியமாகும்.

இந்நோய் அடையாளம் காணப்பட்ட வரலாறு நமக்கு அண்டையிலேயே நிகழ்ந்ததாகும். அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் ஜில்லாவில், மதனபள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்னும் இடத்தில் ஒரு காசநோய் மருத்துவமனை இருந்தது. அங்கு வந்த சிலருக்கு எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் முழுவதும் காசநோய் போன்ற நிழல்கள் தென்பட்டன. ஆயினும் காசநோய் இல்லை. இரத்தத்தில் இயோசினோபில் என்னும் வெள்ளணுக்கள் மட்டும் அளவு கடந்து பெருகியிருந்தன. இதனை டாக்டர் பிரிமோட்-மோலர், டாக்டர் பார்ட்டன் ஆகிய இருவரும் 1940ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். 1943இல் வைன்கார்ட்டன் என்பவர் இதற்கு ‘டிராபிகல் இயோசினோபீலியா’ என்று பெயர் சூட்டினார். நம் ஊர்களில் வழங்கும் ‘ஈஸ்னோபீலியா’ அந்தப் பெயரின் திரிபே. யானைக்கால் நோயை உண்டாக்கும் பைலேரியா புழுவே இதற்கும் வேர் என்பது பிற்பாடு தெளிவாயிற்று. சிங்கப்பூரில் டாக்டர் டி. ஜே. தனராஜ் 1950களில் செய்த ஆராய்ச்சிகளுக்கு இதில் முக்கிய இடம் உண்டு.

புழு காலில் இருக்க, இருமல் மார்பில் வருவானேன்? இதனை விளங்கிக் கொள்ள, உடலின் காவல் முறையைச் சற்று அறிதல் வேண்டும்.

நமது தோலின் அடியிலும், குடலின் உட்சுவரிலும், மூச்சுக்குழாய்களை ஒட்டியும் ‘மாஸ்ட்’ அணுக்கள் என்பவை காவல் இருக்கின்றன. 1878இல் இவற்றுக்குப் பெயரிட்டவர் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக். ஒவ்வோர் அணுவும் சிறு மணிகளால் நிறைந்து கொழுத்திருப்பதைக் கண்டு, இவை உண்டு பெருத்தவை எனக் கருதி, தீனி என்னும் பொருள்பட அந்தப் பெயரை இட்டார். உண்மையில் அம்மணிகள் தீனியல்ல, படைக்கலங்கள். அவற்றுள் ஹிஸ்டமின் முதலிய வீரியமுள்ள பொருள்கள் அடைபட்டிருக்கின்றன.

புழு உடலிற் புகுந்தால், அதற்கென்றே ‘ஐ.ஜி.ஈ.’ என்னும் எதிர்ப்புப் பொருளை உடல் உண்டாக்குகிறது. ஒவ்வாமையில் இதற்குள்ள பங்கை 1966இல் இஷிசாகா தம்பதிகள் அமெரிக்காவில் கண்டறிந்தனர். இப்பொருள் மாஸ்ட் அணுவின் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். புழுவின் துணுக்கு ஒன்று வந்து அடுத்தடுத்துள்ள இரண்டு ஐ.ஜி.ஈ.யைச் சேர்த்துப் பற்றியதும், தலையாரி தமுக்கு அடித்தாற்போல் அணு தன் மணிகளை வெளியே கொட்டிவிடும். உடனே இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது, அரிப்பு எழுகிறது, தசைகள் சுருங்குகின்றன, சளி பெருகுகிறது, இயோசினோபில்கள் திரண்டு வருகின்றன. குடலில் இது நடந்தால் நன்மையே. சளியும் குடலின் அசைவும் சேர்ந்து புழுவை வெளியே தள்ள உதவும். ஆனால் அதே சுருக்கமும் அதே சளியும் மூச்சுக்குழாயில் நேர்ந்தால் அதுவே இளைப்பாகிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல் ஆகிவிடுகிறது. பட்டுத் தூசியால் சிலருக்கு வரும் இளைப்பும் இதே அணுக்கள் செய்யும் வேலைதான். அங்கே புழு இல்லாமலே தமுக்கு அடிக்கப்படுகிறது.

இனி நம் நெசவாளரிடம் திரும்புவோம். பைலேரியாவின் தாய்ப்புழு நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் வாழ்ந்து, கணக்கற்ற குஞ்சுப் புழுக்களை ஈனுகிறது. அவை பகலில் நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஒதுங்கியிருந்து, கொசு கடிக்கும் இரவு வேளையில் தோலருகே வருகின்றன. யானைக்கால் சோதனைக்கு இரவில் இரத்தம் எடுப்பது இதனால்தான். பெரும்பாலோரிடம் இப்புழு உடலின் காவலையே தூங்க வைத்து விடுகிறது. அவர் இரத்தத்தில் குஞ்சுகள் நிறைந்திருந்தும் அவருக்கு ஒரு துன்பமும் தெரிவதில்லை. கொசுவின் வழியே பிறருக்கு நோய் பரவுவது மட்டும் நடந்து கொண்டிருக்கும். மிகச் சிலரிடமோ காவல் எல்லை மீறி விழித்துக் கொள்கிறது. குஞ்சுகள் நுரையீரலிலேயே மடக்கி அழிக்கப்படுகின்றன. அந்தப் போரில் நுரையீரலும் புண்படுகிறது. இருமுகிறவரின் இரத்தத்தில் புழு அகப்படாததும், இருமாத அண்டை வீட்டாரிடம் அகப்படுவதும் இதன் விளைவே. சென்னைச் சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 1980களில் இத்தகைய நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தபோது, அதிலிருந்த அணுக்களில் ஏறத்தாழப் பாதி இயோசினோபில்களாகவே இருந்தன.

ஆகவே இரவு இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால், முதலில் சளியைச் சோதித்துக் காசநோய் இல்லையென உறுதி செய்துகொள்ள வேண்டும். அத்துடன் இரத்தத்தில் இயோசினோபில்களையும் எண்ணச் சொல்ல வேண்டும். சாதாரணமாக ஒரு கன மில்லிமீட்டருக்கு 500க்குள் இருப்பது, இந்நோயில் பெரும்பாலும் 3,000க்கு மேல் ஏறிவிடும். டை எத்தில் கார்பமசின் மாத்திரையை எடைக்குத் தக்க அளவில் மூன்று வாரம் வைத்தியர் கொடுப்பார். சிலருக்கு நோய் திரும்பும். அப்போது மறுபடியும் கொடுக்க நேரிடும். கவனியாது விட்டால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழுந்து, பிறகு எந்த மாத்திரையும் பயன்படாமற் போகலாம். கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் இளைப்பு மாத்திரைகளைப் பற்றி நமக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அவற்றுட் பல ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தவை. தமுக்கை அடக்குமே அன்றித் திருடனைப் பிடிக்கமாட்டா.

1955இல் தேசிய பைலேரியா தடுப்புத் திட்டம் தொடங்கியது. 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் ஊர் முழுவதற்கும் ஆண்டுக்கொரு முறை மாத்திரை வழங்கும் முறை நாடெங்கும் கொணரப்பட்டது. அப்பொழுது பல கிராமங்களில் எழுந்த புகார் ஒன்று உண்டு: “நன்றாக இருந்தேன், மாத்திரையால்தான் காய்ச்சல் வந்தது” என்பது. காய்ச்சலும் தலைவலியும் தடிப்பும் சிலருக்கு வந்தது மெய்யே. ஆனால் மடியும் குஞ்சுப் புழுக்களின் துணுக்குகள் இரத்தத்தில் சிதறியதைக் கண்டு உடலின் காவல் துள்ளியெழுந்ததே பெரும்பாலும் அதன் காரணம். புழு மிகுந்தவருக்கே இது மிகுதி. இதனை முன்கூட்டியே சொல்லாமல் மாத்திரையை மட்டும் கையில் கொடுத்துச் சென்றால், அடுத்த ஆண்டு ஜனங்கள் கதவைத் திறக்கமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எனினும் கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயுற்றோர் ஆகியோருக்கு இந்த மாத்திரை கொடுக்கலாகாது.

உழவர்களுக்கு உரியது கொக்கிப்புழு. மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலுடன் நடக்கையில் அதன் இளம்புழு பாதத்தைத் துளைத்து நுழைகிறது. அவ்விடத்தில் எழும் கடும் அரிப்பு, அக்காவலின் முதல் குரலே. பின்னர் அது நுரையீரல் வழியாகக் குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் இதற்கு மருந்து.

பைலேரியாவைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு தெளிந்த நீரைவிட அழுக்கு நீரையே நாடும். சாக்கடை சேரும் வேகவதிக் கரையோரமும், தெருக் கால்வாய்களும், பாழ்ங்கிணறுகளும், மூடியில்லாத மலக்குழிகளும் அதற்குத் தொட்டில்களாகும். மலக்குழியின் காற்றுக் குழாய் வாயில் ஒரு சாண் கொசுவலையைக் கட்டுவதற்குப் பஞ்சாயத்துத் தீர்மானமோ பெருஞ்செலவோ தேவையில்லை. பலத்த காற்றில் வலை கிழிந்துவிடும். மழைக்காலத்திற்கு முன் ஒரு முறை வீடு வீடாகப் பார்த்து மாற்ற வேண்டும்.